முன் வண்டிக்கு விழும் மாலை

"எனக்கு எப்பத்தான் டீச்சர் முன் வண்டி குடுப்பீங்க?"

தவசிமுத்து இதைக் கேட்டபோது டீச்சர் ஒரு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. கால்களிடம் முறையிடுவது கொஞ்சம் மானக்கேடாகத்தான் இருந்தது. ஆனால் மனசுக்குள் வைத்துக்கொண்டே திரியவும் முடியவில்லை.

"நிஜாம் வந்து முழுசா ஒரு வருஷம் ஆகல. அவனுக்கு முன் வண்டி. நான் எத்தனை வருஷமா கடைசி வண்டியிலயே கெடக்கேன்?"

கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே போயின.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பெயர் சலோமி. மந்திப்பாறை அடிவாரத்தில் பழைய ஃபோர் வீல் ஜீப்புகளைப் பிரித்துப் பூட்டுகிறவர். பூட்டிய வண்டியைப் பாதையே இல்லாத மலையில் ஏற்றவும் இறக்கவும் சொல்லிக் கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். தவசிமுத்துவே ஐம்பதைத் தொட்டவர், டவுனில் உரக்கடை வைத்திருக்கிறார். டீச்சருக்கு நாற்பது இருந்தால் அதிகம்.

மழைக்காலம் முடிந்ததும் மலை உச்சியில் இருக்கும் ஊத்துக்குடிக்கு டீச்சரின் ஜீப்புகள் வரிசையாக ஏறும். அதுவரை அந்த ஊர் வெளியாள் முகத்தைப் பார்த்திருக்காது. அரிசி, மருந்து, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அந்த ஜீப்புகளில்தான் போய்ச் சேர வேண்டும். ஊரே கொட்டுமேளத்தோடு எல்லைக்கு வந்து நிற்கும். முதலில் வருகிற ஜீப்பின் மூக்கில் சாமந்தி மாலை விழும்.

முதல் ஜீப்புக்கு மட்டும்.

கடைசி ஜீப் போய்ச் சேருவதற்குள் மேளக்காரர்கள் ஒதுங்கி உட்கார்ந்து பீடி பற்றவைத்திருப்பார்கள். தவசிமுத்துவுக்கு இத்தனை வருஷமாகக் கிடைத்தது அந்தப் புகைதான்.

"நிஜாம் வண்டியில என்ன டயர் கெடக்கு?" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

தவசிமுத்து யோசிக்கவே இல்லை. "பெரிய பட்டன் டயர். ஆடி மாசம் மாத்துனான்."

"கமான் பட்டை?"

"ரெண்டு இஞ்ச் தூக்கிப் போட்ருக்கான். நாலும் புதுசு."

"கிளட்ச்?"

"தீபாவளிக்கு முந்துன வாரம்."

"உங்க வண்டியில ஆயில் எப்ப மாத்துனீங்க?"

தவசிமுத்து கூரையைப் பார்த்தார். கூரையில் பதில் எழுதியிருக்கவில்லை.

டீச்சர் ஊர்ந்து வெளியே வந்தார். நெற்றியில் தார் மாதிரி ஒரு சொட்டு வழிந்துகொண்டிருந்தது. அதை விரலால் வழித்துத் தவசிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார். டீச்சர் இவ்வளவு நேரம் கிடந்தது தவசிமுத்துவின் ஜீப்புக்கு அடியில்தான்.

"கடைசி வண்டிக்கு ஆள் கெடைக்கிறது கஷ்டம் தவசியண்ணே."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தவசிமுத்து நினைத்துக்கொண்டார்.

*

நிஜாம் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

பந்தல் போடுகிற தொழில் அவனுக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். எப்போதும் சிரித்த முகம். பக்ரீத்துக்கு வீடு தேடி வந்து ஒரு தூக்கு பிரியாணி கொடுத்துவிட்டுப் போனான். பிரியாணியும் நன்றாக இருந்து தொலைத்தது. அன்று ராத்திரி தவசிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. அதற்கு மசாலாவைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அவன் ஜீப்பின் சத்தம் தூரத்தில் கேட்டாலே தவசிமுத்துவுக்கு முகம் சுருங்கும். டீச்சர் அவனோடு சிரித்துப் பேசினால் அன்றைக்குக் கடையில் வியாபாரம் ஓடாது. ஒரு நாள் பயிற்சியில் ஜீப்போடு வாய்க்காலுக்குள் இறங்கி ஒரு மூச்சில் அவன் கரையேறியபோது எல்லோரும் கை தட்டினார்கள். தவசிமுத்துவும் தட்டினார். வீட்டுக்குப் போய் அந்தக் கையைக் கழுவினார்.

பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். நியாயத்தைக் கேட்பதாகத்தான் அவருக்கு நினைப்பு.

அந்த நியாயம் அவரை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனது. நிஜாம் போட்டிருந்த அதே டயரை வாங்கினார். ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினார். வண்டியைத் தாங்குகிற இரும்புக் கமான் பட்டையை அவனைவிட ஒரு இஞ்ச் தூக்கினார். முன் பம்பரில் ரோப் இழுக்கிற வின்ச் ஒன்றை மாட்டினார். அவன் பச்சை விளக்கு வைத்திருந்த இடத்தில் இவர் மஞ்சள் விளக்கு வைத்தார்.

ஜீப்பைக் கொண்டுவந்து டீச்சர் முன்னால் நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

டீச்சர் ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"யாரு வண்டி இது?"

"என்ன டீச்சர், என் வண்டிதான்."

"அப்படியா? நிஜாம் வண்டி வளந்துருச்சோன்னு பாத்தேன்."

*

ஊத்துக்குடி போகிற நாள் வந்தது. ஐந்து ஜீப்புகள். முன்னால் நிஜாம், கடைசியில் தவசிமுத்து.

பாதி மலையில் ஒரு சமதளம் உண்டு. அதற்கு மேல்தான் கழுதைமூக்கு ஏற்றம். ஒரு பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம், நடுவில் செங்குத்தாகச் சேறும் கல்லும். ஜீப்பின் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் அதில் ஏற முடியும்.

பழைய ஜீப்பில் அது உள்ளே உட்கார்ந்தபடி ஆகிற வேலை இல்லை. இரண்டு முன் சக்கரங்களின் நடுவிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு குமிழ் இருக்கும். ஹப் என்பார்கள். இறங்கிப் போய் இரண்டையும் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ஒன்றைப் பூட்டி ஒன்றை மறந்தாலும் முன் சக்கரம் சும்மாதான் உருளும். உள்ளே என்ன கியர் போட்டாலும் வீண்.

அதனால் டீச்சர் ஒரு வழக்கம் வைத்திருந்தார்.

சமதளத்தில் எல்லோரும் இறங்கி அவரவர் ஹப்பைப் பூட்டிவிட்டு ஏறி உட்கார வேண்டும். பிறகு கடைசி வண்டிக்காரர் பின்னாலிருந்து நடந்து வருவார். ஒவ்வொரு ஜீப்பின் முன் சக்கரத்தையும் குனிந்து, தொட்டுப் பார்ப்பார். முதல் ஜீப்பையும் பார்த்து முடித்ததும் நடுப் பாதையில் நின்று கையைத் தூக்குவார். கை தூக்கினால்தான் முதல் ஜீப் நகரும். கை தூக்கிய பிறகு யாரும் இறங்கக் கூடாது.

தவசிமுத்து இந்த வேலையை இத்தனை வருஷமும் ஒரு குறையில்லாமல் செய்தவர். ஏவல் வேலை என்று நினைத்துக்கொண்டே செய்தவர்.

அன்று சமதளத்தில் எல்லோரும் இறங்கியபோது நிஜாம் தன் வலது ஹப்பைப் பூட்டினான். இடது பக்கம் போவதற்குள் பின்னாலிருந்து வந்த ஒரு சத்தம் அவன் காதில் விழுந்தது. தவசிமுத்து தன் ஜீப்பை ஒதுக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். அளவுக்கு மீறிய டயர் மட்கார்டு ரப்பரில் உரசி, பன்றி கத்துவது போலக் கத்தியது.

நிஜாம் போட்டது போட்டபடி ஓடி வந்தான்.

"அண்ணே, டயர் ஒரசுது. இப்படியே ஏறுனா கிழிஞ்சிரும். இருங்க."

கத்தியை எடுத்தான். சேற்றில் படுத்தான். தொங்கிய ரப்பரை அறுத்து எடுத்துவிட்டு, முகமெல்லாம் சேறோடு எழுந்து சிரித்தான்.

"ஒரு சைஸ் கம்மியா வாங்கியிருக்கலாம்ணே."

மூன்று ஜீப்காரர்கள் முன்னால் சொன்னான். அவன் மனசில் ஒன்றுமில்லை. ஆனால் தவசிமுத்துவுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அந்த நிமிஷம் அவனை வெறுத்த மாதிரி வேறு யாரையும் அவர் வெறுத்ததில்லை.

நிஜாம் கையைத் துடைத்துக்கொண்டே போய்த் தன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான்.

டீச்சர் ஏற்கெனவே ஏற்றத்தின் வளைவுக்குப் போய் ஒரு பாறை மேல் நின்றிருந்தார். அங்கிருந்து கை காட்டித்தான் ஒவ்வொரு வண்டியையும் மேலே ஏற்றுவார்.

தவசிமுத்து பின்னாலிருந்து நடந்தார். நான்காவது ஜீப். சரி. மூன்றாவது. சரி. இரண்டாவது. சரி.

நிஜாமின் ஜீப். வலது ஹப் பூட்டியிருந்தது.

இடது பக்கம் போனார். குனிந்தார்.

ஹப் திறந்து கிடந்தது.

கையை நீட்டினார். இரண்டு விரலால் ஒரு திருகு, அவ்வளவுதான். நிஜாமுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

விரல் குமிழைத் தொட்டது. மேலே ஊத்துக்குடி எல்லையில் யாரோ மேளத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் காற்றில் இறங்கி வந்தது.

'ஏற முடியாம நிக்கட்டும். ஒரு தடவை எல்லாரும் பாக்கட்டும்.'

வேறொன்றும் அவர் நினைக்கவில்லை. பள்ளம் அவர் ஞாபகத்தில் இல்லை.

நிமிர்ந்தார். நடுப் பாதைக்கு வந்தார். கையைத் தூக்கினார்.

*

நிஜாமின் ஜீப் முதல் பாதியை நன்றாகத்தான் ஏறியது. வளைவுக்குக் கொஞ்சம் கீழே பின் சக்கரங்கள் சேற்றைத் தோண்ட ஆரம்பித்தன. முன் சக்கரங்கள் உதவிக்கு வரவில்லை.

ஜீப் நின்றது. பிறகு பின்னால் வழுக்கியது.

பிரேக்கை மிதித்தும் வழுக்கியது. பின்பக்கம் மெல்லத் திரும்பி, இடது பின் சக்கரம் பாதையை விட்டு இறங்கியது. ஒரு மரவேர் தடுத்தது. ஜீப் ஆடி நின்றது. சக்கரம் பள்ளத்தின் மேல் அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"நிஜாமே, அசையாத!" என்று டீச்சர் கத்தினார்.

எல்லோரும் ஓடினார்கள். தவசிமுத்து எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் தன் கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. வழுக்கி விழுந்து, முட்டி கிழிந்து, தவழ்ந்து போய்ச் சேர்ந்தார். இடது முன் சக்கரத்தைப் பிடித்து ஹப்பைத் திருகிப் பூட்டினார்.

மற்றவர்கள் பின்னால் கல் வைத்து ரோப் கட்டினார்கள்.

"இப்ப எடு தம்பி," என்றார் தவசிமுத்து. "மெதுவா. இப்ப இழுக்கும்."

இழுத்தது. ஜீப் வேரை விட்டு வெளியே வந்தது. முதல் கியரிலும் ரிவர்ஸிலுமாகத் தடவித் தடவி நிஜாம் அதைச் சமதளத்துக்கு இறக்கினான். இறங்கியதும் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"என் தப்பு டீச்சர். இடது ஹப்பப் பூட்ட மறந்துட்டேன்."

டீச்சர் வளைவிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"அண்ணன் மேல தப்பில்ல டீச்சர். சேறு மூடியிருந்திருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

தவசிமுத்து தரையைப் பார்த்தார். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

டீச்சர் பாட்டில் தண்ணீரை நிஜாமிடம் கொடுத்துவிட்டுத் தவசிமுத்து பக்கம் திரும்பினார்.

"சக்கரம் பின்னாடிதான தொங்குச்சு?"

"ஆமா டீச்சர்."

"எல்லாரும் பின் சக்கரத்துக்கு ஓடுனாங்க."

"ஆமா."

"நீங்க முன் சக்கரத்துக்கு ஓடுனீங்க."

கிழிந்த முட்டியிலிருந்து ரத்தம் வேட்டியில் ஊறிக்கொண்டிருந்தது.

"பாத்தேன் டீச்சர்," என்றார் தவசிமுத்து. "தெறந்துதான் கெடந்துச்சு. தொட்டுக்கூடப் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையத் தூக்குனேன்."

நிஜாம் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினான்.

"அவன் மேல எனக்கு அம்புட்டு வயித்தெரிச்சல்."

சொல்லி முடித்ததும் தவசிமுத்து காத்திருந்தார். அடி விழும் என்று நினைத்தார். இனி இந்தப் பக்கம் வராதீங்க என்ற வார்த்தை வரும் என்று நினைத்தார். அதற்குத் தகுந்த மாதிரி சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

டீச்சர் வானத்தைப் பார்த்தார். வெயில் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். மேலே ஊர் காத்துக்கொண்டிருந்தது.

"தவசியண்ணே, ஒங்க வண்டிய முன்னாடி கொண்டாங்க."

"டீச்சர்?"

"நீங்க முன் வண்டி."

"நான் சொன்னது காதுல விழலையா டீச்சர்? தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"விழுந்துச்சு. அதான் சொல்றேன். இனிமே நீங்கதான் முன் வண்டி. மாலை ஒங்களுக்குத்தான்."

"அப்ப கடைசி வண்டி?"

"நிஜாம்."

நிஜாம் எழுந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. தவசிமுத்துவைப் பார்க்காமல் தன் ஜீப்பில் ஏறி, வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். டீச்சர் பாறைக்குப் போனார்.

தவசிமுத்து ஜீப்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி இரண்டு ஹப்பையும் பூட்டினார். பூட்டிய மாதிரிதான் இருந்தது. ஏறி உட்கார்ந்தார்.

எதிரே பாதை காலியாகக் கிடந்தது. அவருக்கு முன்னால் எந்த ஜீப்பும் இல்லை. இத்தனை வருஷம் ஏங்கிய இடம். உட்கார்ந்திருக்க இருப்புக் கொள்ளவில்லை.

கண்ணாடியில் பார்த்தார். நிஜாம் பின்னாலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு ஜீப்பிலும் நின்றான். குனிந்தான். தொட்டுப் பார்த்தான். அவசரமில்லாமல் பார்த்தான்.

தவசிமுத்துவின் ஜீப்புக்கு வந்தான்.

வலது சக்கரத்தில் குனிந்தான். அவன் விரல் குமிழ் மேல் இருந்தது. நிமிர்ந்தான்.

இடது பக்கம் போனான். குனிந்தான். அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி வைத்த ஜீப்பில் உட்கார்ந்து பார்த்தால் இடது சக்கரம் தெரியாது. அவன் முதுகின் ஓரம் மட்டும் தெரிந்தது. தோள் அசைந்தது. பூட்டுகிறானா, திறக்கிறானா, சும்மா தொடுகிறானா?

இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

ரொம்ப நேரம் குனிந்திருந்தான்.

பிறகு எழுந்து நடுப் பாதைக்கு வந்தான். தவசிமுத்துவின் முகத்தை நேராகப் பார்த்தான். கோபமா, வருத்தமா, ஒன்றும் புரியவில்லை.

கையைத் தூக்கினான்.

தவசிமுத்துவின் கால் கிளட்ச் மேலேயே இருந்தது. இடது பக்கப் பள்ளம் அவர் கண் முழுக்க இருந்தது. கதவுக் கைப்பிடிக்குக் கை போனது.

"டீச்சர், ஒரு நிமிசம்! நான் எறங்கி ஒரு தடவ பாத்துட்டு..."

"கை தூக்கியாச்சுண்ணே," என்றார் டீச்சர் பாறை மேலிருந்து. "வண்டிய எடுங்க."